கண்ணுள் வைத்த வில்லை

உடம்பின் உறுப்புக்கள் பலவற்றுள்ளும் கண்ணுக்குத் தமிழ் மக்கள் தந்துள்ள ஏற்றம் பெரிது. தன் அருமைக் குழந்தையைத் தாய் ‘கண்ணே’ என்றுதான் கொஞ்சுகின்றாள். பிறர்பால் காட்டும் இரக்கத்திற்குக் ‘கண்ணோட்டம்’ என்று முன்னோர் பெயர் வைத்தனர். எழுத்தறிவித்த ஆசிரியரைக் ‘கண்ணைத் திறந்தவர்’ என்று நன்றியோடு கூறுவது இன்றும் வழக்கத்தில் உள்ளது. கண்ணின் நடுவே கருமையாகத் தோன்றும் சிறு வாயிலுக்குப் ‘பாவை’ என்பது பெயர். எதிரே நிற்பவரின் உருவம் அங்கே ஒரு சிறு பொம்மை போலத் தெரிதலால் அப்பெயர் வந்தது. இலத்தீன் மொழியாரும் அதற்குச் சிறு பாவை என்னும் பொருள்படும் சொல்லையே வழங்கினர். இரு வேறு நாட்டார் ஒரே பொருளை ஒரே வகையாக நோக்கி ஒரே வகையாகப் பெயரிட்டமை வியப்புக்குரியது.

அப்பாவைக்குப் பின்னே, வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் புலப்படாமல், ஒரு வில்லை அமைந்துள்ளது. அது துவரம்பருப்பினும் பெரியது, மொச்சைக்கொட்டையினும் சிறியது. குறுக்களவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்; தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். தெளிந்த நீர் போன்றது அதன் நிறம். வெங்காயத்தின் தோல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. ஒளியைத் தடுக்கும் என்பதற்காகவோ என்னவோ, அதனுள் ஒரு குருதிக் குழாய்கூட இயற்கை வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒளியை வளைத்து, கண்ணின் பின்புறத்துள்ள விழித்திரையில் படியச் செய்வதே இவ்வில்லையின் தொழில்.

இவ்வில்லைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தோல் உரிந்து புதிதாகின்றது. குருதியணுக்கள் அழிந்து புதியன பிறக்கின்றன. விழிவில்லையின் நடுப்பகுதியோ அவ்வாறு புதுப்பிக்கப்படுவதன்று. தொண்ணூறாண்டு வாழ்ந்த முதியவர் ஒருவரின் கண்ணிலும் அந்நடுப்பகுதி அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது தோன்றியதே ஆகும். அங்குள்ள புரதங்கள் வாழ்நாள் முழுவதும் வெயிலையும் வெப்பத்தையும் தாங்கி நிற்றல் வேண்டும். ஆண்டுகள் பல சென்றபின் அவை நிலைதிரிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. தெளிவாக இருந்த முட்டையின் வெண்கரு வெந்தபின் வெளுத்துப் போவதைச் சமையலறையில் கண்டிருப்போம். ஏறத்தாழ அத்தகைய மாறுதலே கண்ணுள் மெல்ல மெல்ல நிகழ்கின்றது. இதனையே கண்புரை என்பர். ‘புரை’ என்னும் சொல்லுக்குக் குற்றம் என்பதும் ஒரு பொருள். குற்றமற்ற வில்லையில் நேர்ந்த குற்றத்திற்கு இது பொருத்தமான பெயரேயாகும்.

முதுமை இந்நோய்க்கு முதற்காரணம். நீரிழிவும், புகைபிடித்தலும், கண்ணில் படும் அடியும் இதனை விரைவுபடுத்தும். வெந்த முட்டையை மீண்டும் பச்சை முட்டை ஆக்குதல் இயலாதவாறு போல, திரண்ட புரையைக் கரைத்துத் தெளிவாக்கும் மருந்தும் இன்றுவரை இல்லை. உலகில் மக்கள் பார்வை இழத்தற்குரிய காரணங்களுள் கண்புரையே முதலிடம் பெறுகின்றது. இதற்குச் செய்யத்தக்கது ஒன்றே. மறைக்கின்ற வில்லையை வழியினின்றும் விலக்குதல்.

இதனைப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்தனர். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலில் இதற்குரிய அறுவை முறை கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியைக் கண்ணுட் செலுத்தி, புரை கொண்ட வில்லையைப் பாவையின் நேரினின்றும் கீழே தள்ளிவிடுவர். திரை விலகியதும் ஒளி உட்புகும். பல நூற்றாண்டுகள் பல நாடுகளிலும் இம்முறையே வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ழாக் டேவியல் என்பார் வில்லையைத் தள்ளிவிடாமல் வெளியே எடுத்துவிடும் முறையைக் கண்டார். அதன்பின் அம்முறை வளர்ந்து செம்மையுற்றது.

எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. வில்லையை எடுத்துவிட்டால் ஒளி உட்புகும். ஆனால், அதனை வளைத்து விழித்திரையில் சேர்ப்பது எது? அதற்காகத் தடித்த கண்ணாடி அணிவித்தனர். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற அக்கண்ணாடியை அணிந்த முதியோரை முற்காலத்தில் ஊர்தோறும் காணலாம். அக்கண்ணாடி வழியே பார்த்தால் பொருள்கள் உள்ளவாறு தோன்றா. ஏறத்தாழக் காற்பங்கு பெரியனவாகத் தோன்றும். கதவின் நிலை வளைந்து தெரியும். பக்கத்திலிருந்து வருபவர் சிறிது நேரம் காணப்படாமல் இருந்து, பின்னர்த் திடீரென முளைத்தவர் போல் எதிரே நிற்பர். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டவர் துன்பம் இன்னும் பெரிது. ஒரு கண் பெரிதாகவும் மற்றொரு கண் சிறிதாகவும் காட்டும் இரு காட்சிகளை மூளையால் ஒன்றாக்க இயலாது. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, வயலில் வேலை செய்யும் உழவரின் கண்ணாடி ஒருநாள் கீழே விழுந்து உடைந்துவிட்டால் அவர் மீண்டும் குருடரே. மருத்துவர் செய்தது சிகிச்சையா, பாதிச் சிகிச்சையா என்று கேட்க இடமுண்டு.

எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொரு வில்லையை உள்ளேயே வைத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிய வினா. ஆனால் நெடுங்காலம் மருத்துவர் அதனை எண்ணவும் அஞ்சினர். அவ்வச்சத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. கண்ணில் ஒரு தூசி விழுந்தாலே மனிதன் படும் பாட்டை எல்லாரும் அறிவர். இரும்புத் துணுக்கு ஒன்று கண்ணினுள் தங்கிவிட்டால் அது துருப்பிடித்து விழித்திரையை நஞ்சாக்கும். செம்புத் துணுக்கு எனின் கடுமையான அழற்சியை உண்டாக்கும். ஆகவே, கண்ணினுள் புகுந்த அயற்பொருளை வெளியே எடுப்பதுதான் மருத்துவரின் கடமை என்று கற்பிக்கப்பட்டது. அயற்பொருள் ஒன்றைத் தாமே உள்ளே வைத்தல் அக்கல்விக்கு நேர்மாறானது.

இந்த எண்ணம் மாறுதற்கு வழிவகுத்தது ஒரு போர். 1940 ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் வானில் ஆங்கிலேய விமானங்களும் செர்மானிய விமானங்களும் நாள்தோறும் மோதின. கார்டன் கிளீவர் என்னும் இளம் விமானி ‘அரிக்கேன்’ என்னும் போர் விமானத்தைச் செலுத்திச் சென்றார். பகைவரின் குண்டு பாய்ந்து, அவர் தலைக்கு மேலிருந்த ஒளிபுகும் மூடி சிதறியது. அதன் துணுக்குகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. பார்வை மறைந்த நிலையிலும் அவர் விமானத்தினின்று வெளியேறிப் பாராசூட்டின் உதவியால் தரை சேர்ந்தார். வலக்கண் பார்வை போயிற்று. இடக்கண்ணைக் காக்கப் பலமுறை அறுவை செய்ய நேர்ந்தது. துணுக்குகள் சில அக்கண்ணினுள்ளேயே தங்கிவிட்டன.

அம்மூடி கண்ணாடியால் ஆனதன்று. ‘பெர்ஸ்பெக்ஸ்’ என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. வேதியியலார் இதனைப் பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட்டு என்பர். சிறு மூலக்கூறுகள் பலவற்றை மாலையில் மலர் தொடுப்பது போல் நீண்ட சரமாக இணைத்து ஆக்கப்படும் பொருள் இது. 1930-களில் விற்பனைக்கு வந்தது. கண்ணாடியைப் போலத் தெளிவானது. ஆனால் எடையில் கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஆதலின் விமானத்திற்கு ஏற்றதாயிற்று. இதனைச் செய்தவர்களின் கருத்தில் மனிதனின் கண் இருந்ததில்லை, வானமே இருந்தது.

கிளீவர் போன்ற விமானிகளின் கண்களை இலண்டனில் ஆய்ந்தவர்களுள் ஒருவர் அரால்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர். அவர் 1906-இல் பிறந்தவர். அவர் தந்தையும் கண் மருத்துவரே. ஆப்பிரிக்காவில் அந்நாளில் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட கானா நாட்டில், ஆற்றங்கரை ஈக்களால் பரவும் குருட்டு நோயையும் அவர் ஆராய்ந்துள்ளார். விமானிகளின் கண்ணில் அவர் கண்டது யாது? பிளாஸ்டிக்குத் துணுக்குகள் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் உள்ளே கிடந்தன. கூரிய முனை கண்ணின் அசையும் பகுதியில் உராயாத வரையில், கண் சிவக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அயற்பொருள் என்று சினந்து எழ வேண்டிய கண், அத்துணுக்குகளைப் பொருட்படுத்தாமல் இருந்தது. அக்காலத்தில் விமானிகளின் கண்களைப் பார்த்த மருத்துவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். கண்டவர் பலர், கண்டதில் உட்கருத்து உண்டு என நின்று நோக்கியவர் இவரே.

போர் முடிந்தபின், 1948-ஆம் ஆண்டளவில், இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி கண்புரை அறுவை செய்துகொண்டிருந்தார். அருகில் நின்று கற்றுக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்று வைப்பதில்லையா என்று வினவினார். அறிந்தோர் கேட்கக் கூசும் வினாவை அறியாதார் கேட்டுவிடுதல் உலகத்தில் சில சமயம் நிகழ்வதுண்டு. ரிட்லியின் உள்ளத்தில் நெடுநாளாகக் கிடந்த எண்ணத்திற்கு அவ்வினா உயிரூட்டியது.

மருத்துவர் ஒருவரால் மட்டும் செய்யத்தக்க செயலன்று இது. ரிட்லி, ‘ரெய்னர்’ என்னும் ஒளியியற் கருவி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பைக் என்பாரைக் கலந்தார். இலண்டன் கேவண்டிஷ் சதுக்கத்தில் நிறுத்தியிருந்த காருக்குள் அமர்ந்தே இருவரும் பேசினர் என்பர். பிறர் செவிக்கு எட்டலாகாது என்பதே கருத்து. வில்லைக்குக் கண்ணாடி ஏற்றதன்று. அதன் எடை மிகுதி. விமான மூடியின் பிளாஸ்டிக்கே தக்கது என்று துணிந்தனர். ஆனால் விமானத்திற்குச் செய்த பிளாஸ்டிக்கை அப்படியே கண்ணில் வைத்தல் கூடாது. சரம் தொடுக்கப் பயன்படுத்திய வேதிப் பொருளின் எச்சமும், சரத்தில் சேராமல் தனித்து நின்ற சிறு மூலக்கூறுகளும் அதில் கலந்திருக்கும். அவை நாளடைவில் கசிந்து கண்ணைக் கெடுக்கும். ஐ.சி.ஐ. என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் ஓல்ட் என்பார் அவ்வெச்சங்கள் மிகக் குறைந்த, மருத்துவத்திற்கு ஏற்ற தூய பிளாஸ்டிக்கைத் தனியே ஆக்கித் தந்தார். இம்மூவரும் கூடியே முதல் வில்லையைப் படைத்தனர். ரிட்லி அதனைக் கொண்டு பொருள் ஈட்ட முற்படவில்லை.

1949 நவம்பர் 29-ஆம் நாள், 45 வயதுடைய பெண்மணி ஒருவர்க்கு ரிட்லி இந்த அறுவையைத் தொடங்கினார். கண் அவ்வில்லையை ஏற்றது. ஆயினும் விளைவு முழு வெற்றியன்று. இயற்கை வில்லையின் வளைவை ஒட்டியே செயற்கை வில்லையையும் கடைந்திருந்தனர். பிளாஸ்டிக்கோ இயற்கை வில்லையினும் மிகுதியாக ஒளியை வளைக்கும் இயல்புடையது. அதனால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. அது தடித்த கண்ணாடிக்கு ஈடாக மற்றொரு தடித்த கண்ணாடியைத் தந்தது போலாகும். வில்லையின் வளைவைக் குறைத்து, அடுத்தடுத்த அறுவைகளில் இக்குறை திருத்தப்பட்டது.

ரிட்லி ஏறத்தாழ ஈராண்டு இதனை வெளியிடாமல் வைத்திருந்தார். 1951 ஜூலை மாதத்தில் ஆக்சுபோர்டில் கூடிய கண் மருத்துவர் பேரவையில் தம் முறையை எடுத்துரைத்தார். வில்லை பொருத்தப்பட்டவர் இருவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். அவர் எதிர்பார்த்த பாராட்டு அங்குக் கிட்டவில்லை. அந்நாளில் கண் மருத்துவ உலகில் பெரும்புகழ் வாய்ந்திருந்த சர் ஸ்டூவர்ட்டு டியூக்-எல்டர் அந்நோயாளிகளைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். அமெரிக்காவிலும் எதிர்ப்பே மிகுந்திருந்தது.

எதிர்த்தவர்களை அறியாமை மிக்கவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் நடுநிலையோடு நோக்குவார்க்கு அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தமை புலப்படும். ரிட்லியின் வில்லை 100 மில்லிகிராமுக்கு மேல் எடையுள்ளது. நிலைநிறுத்தும் கால்கள் இல்லாதது. ஆகவே சிலர் கண்ணில் அது வழுக்கிப் பின்னே வீழ்ந்தது. சிலர் கண்ணில் அழற்சி தோன்றியது. அவ்வழற்சிக்குப் பிளாஸ்டிக்கு காரணம் அன்று என்பதும், நுண்கிருமிகளைக் கொல்லுதற்காக வில்லையை ஊறவைத்த ‘செட்ரிமைடு’ என்னும் மருந்தின் எச்சமே பெரிதும் காரணம் என்பதும் பின்னரே தெரியவந்தன. கண்புரை அறுவையால் ஓரளவு பார்வை பெறத்தக்க ஒருவரை, புதுமை செய்யும் ஆசையால் முழுக் குருடராக்குதல் தகுமா என்று மருத்துவர் கேட்டமை பழுதன்று. பிழை யாதெனின், நோயாளியின் கண்ணைப் பார்க்கவே மறுத்ததுதான். பார்த்தபின் மறுத்தல் ஆராய்ச்சி. பாராமலே மறுத்தல் பிடிவாதம்.

இதன்பின் முப்பதாண்டு வரலாறு நீண்டது. அதனை விரிவாகக் கூறுதல் வேண்டா. வில்லையைக் கண்ணின் முன்னறையில் வைத்துப் பார்த்தனர். கருவிழியில் மாட்டிப் பார்த்தனர். பல முயற்சிகள் கேடாய் முடிந்தன. 1970-களில், ரிட்லி வைத்த அதே பின்னறைக்கே மருத்துவர் மீண்டனர். இம்முறை வில்லையின் இருபுறமும் மெல்லிய வளைந்த கால்கள் அமைத்தனர். எடையை 20 மில்லிகிராம் அளவிற்குக் குறைத்தனர். கண்ணின் நீளத்தைக் கேளா ஒலியால் அளந்து, ஒவ்வொருவர்க்கும் ஏற்ற வில்லையைக் கணக்கிடவும் கற்றனர். அந்நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலும் பார்வை பெரிதும் பிழைபடும். 1981-இல் அமெரிக்க அரசின் மருந்தாணையம் கண்ணுள் வில்லைக்கு ஒப்புதல் அளித்தது.

அறுவை முறையும் இதற்குள் மாறியிருந்தது. சார்லஸ் கெல்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் பல் மருத்துவரிடம் சென்றிருந்தார். பல்லில் படிந்த காரையை, கேளா ஒலியால் அதிரும் சிறு கருவி ஒன்று உதிர்த்துவிடுவதைக் கண்டார். அவ்வாறே கண்புரையையும் உள்ளேயே உடைத்துக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம் எனத் தெளிந்து, 1967-இல் அம்முறையை வெளியிட்டார். முன்னர் 10 மில்லிமீட்டருக்கு மேல் கீறவேண்டியிருந்த கண்ணில் 3 மில்லிமீட்டர்க் கீறல் போதியதாயிற்று. அத்துணைச் சிறிய வாயிலில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள கடினமான வில்லை எவ்வாறு நுழையும்? வாயிலைக் குறைத்த மருத்துவர், மடங்கும் பொருளைத் தருமாறு பொருளியல் அறிஞரை வேண்டினர். 1980-களில் சிலிக்கோனாலும், பின்னர் மென்மையான அக்ரிலிக்காலும் ஆன வில்லைகள் வந்தன. பாயைச் சுருட்டுவது போல் அவ்வில்லையைச் சுருட்டி உட்செலுத்தினால், உள்ளே சென்றதும் தானே விரிந்து அமைகின்றது. தையலும் வேண்டுவதில்லை.

இப்புதுமையெல்லாம் யார்க்குப் பயன்பட்டன? இவ்விடத்தில் வரலாறு மதுரைக்கு வருகின்றது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. இளமையிலேயே முடக்குவாதத்தால் அவர் கைவிரல்கள் கோணிப்போயின. அக்கைகளுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கண் அறுவை பயின்று, ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கண்களுக்கு அவர் அறுவை செய்தார் என்றால் அவ்வுறுதியை என்னென்பது! அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் மதுரையில் தொடங்கினார். பொருளுடையார் கட்டணம் செலுத்தினர். ஏழைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை நடந்தது.

ஆனால் கண்ணுள் வைக்கும் வில்லை வந்தபோது ஒரு வேறுபாடு தலைகாட்டியது. வெளிநாட்டினின்றும் வந்த அவ்வில்லையின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. கட்டணம் செலுத்தியவர் கண்ணில் வில்லை வைக்கப்பட்டது. ஏழை பழையபடி தடித்த கண்ணாடியோடு ஊர் திரும்பினார். அறுவை செய்த கை ஒன்றே. ஆனால் பார்வை இருவகைப்பட்டது. இந்நிலை நீடித்தல் முறையன்று எனக் கருதிய மருத்துவமனையார், 1992-இல் மதுரையிலேயே ‘அரோலேப்’ என்னும் வில்லைத் தொழிற்கூடத்தை நிறுவினர். டேவிட் கிரீன் என்னும் அமெரிக்கர் இதற்குத் துணைபுரிந்தார். மில்லிமீட்டரின் நுண்பகுதிகளில் கடைந்து, மெருகிட்டு, கிருமி நீக்க வேண்டிய நுட்பமான இத்தொழில் இங்கு நடைபெறுமோ என ஐயுற்றவர் பலர். வில்லை 10 டாலர் அளவிற்கு இறங்கி, பின்னர் மேலும் குறைந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையின் வில்லைகள் செல்கின்றன. நேபாளத்துத் தலைநகராகிய காத்மாண்டிலும் மருத்துவர் சந்துக் ருயித்தின் முயற்சியால் இத்தகைய தொழிற்கூடம் ஒன்று 1990-களில் எழுந்தது. புதியதொன்றைக் கண்டுபிடித்தல் அரிய செயல்தான். கண்டுபிடித்ததை வெற்றிலைக்குச் செலவிடும் காசையும் எண்ணிச் செலவிடுவார் கண்ணில் கொண்டு சேர்த்தல் அதனினும் எளிய செயல் அன்று.

ரிட்லி தம் முயற்சி வென்றதைக் காணுமளவு நெடிது வாழ்ந்தார். 1986-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 2000-இல் அவர்க்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. முதுமையில் அவர்க்கும் கண்புரை தோன்றியது. அவர் கண் இரண்டிலும் வில்லை வைக்கப்பட்டது. கிளீவரின் கதையும் கேட்கத்தக்கது. போரில் எஞ்சிய அவர் இடக்கண்ணிலும் பின்னாளில் புரை படர்ந்தது. 1987-இல் அக்கண்ணில் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்தினர். அதனால் அவர் மீண்டும் தெளிவாகக் கண்டார். ரிட்லி 2001-இல், தம் 94-ஆம் வயதில் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் இத்துறையில் தோன்றியுள்ள மாறுதல் முன்னையவற்றினும் நுட்பமானது. ஒளியால் திருத்தத்தக்க வில்லை ஒன்றுக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலார் இராபர்ட் கிரப்சும், கண் மருத்துவர் டேனியல் சுவார்ட்சும் இதனைக் கண்டவர்கள். அச்சிலிக்கோன் வில்லையினுள் சரம் சேராத சிறு மூலக்கூறுகளை வேண்டுமென்றே விட்டுவைத்துள்ளனர். வில்லையைக் கண்ணில் வைத்துப் புண் ஆறியபின், பார்வையில் சிறு பிழை எஞ்சியிருப்பின், புறஊதாக் கதிரை உரிய இடத்தில் பாய்ச்சுவர். கதிர் பட்ட இடத்து மூலக்கூறுகள் இணைந்து சரமாகும். வெற்றிடத்தை நிரப்ப மற்றவை அங்கே நகரும். வில்லையின் வளைவு மாறும். ஜான் ஓல்ட் அரும்பாடுபட்டு நீக்கிய அதே இனப் பொருளை, பிற்காலத்தார் அறிவால் அடக்கி ஏவல் கொண்டமை நோக்கத்தக்கது.

இனி, வில்லைக்கு முன்னே, கண்ணின் வாயிற்கதவு போல் நிற்கும் ஒளிபுகும் படலத்திற்கு வருவோம். கார்னியா எனப்படும் இப்படலம் கெட்டால், இறந்தவர் தந்த கண்ணினின்றும் வேறொன்று எடுத்துப் பொருத்துவது வழக்கம். கண்தானம் செய்வார் போதாமையால் காத்திருப்போர் மிகப் பலர். 70 பேர் வேண்டி நிற்க, ஒருவர்க்கே கிடைக்கின்றது என 2016-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சுவீடன் நாட்டு லிங்சொப்பிங் பல்கலைக்கழக அறிஞர்களும் அவர்களோடு இணைந்தோரும் இதற்கு வேறொரு வழி தேடினர். பன்றித் தோலினின்றும் கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்துத் தூய்மை செய்து, அதன் இழைகளை வேதிமுறையாலும் ஒளியாலும் குறுக்கே பிணைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய தகடு ஆக்கினர். படலம் மெலிந்து கூம்பாகப் புடைத்துக்கொள்ளும் நோயுடைய 20 பேர்க்கு, இந்தியாவிலும் ஈரானிலும், அத்தகட்டைப் பொருத்தினர். நோயாளியின் படலத்தை வெட்டி எடுக்கவில்லை. சிறு கீறலிட்டு, சட்டைப்பையில் தாள் செருகுவது போல் உள்ளே செருகினர்.

அவ்விருபதின்மருள் 14 பேர் முன்னர்ப் பார்வையற்றவர் என்று கணக்கிடப்பட்டவர்கள். ஈராண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களுள் ஒருவரும் அந்நிலையில் இல்லை. முன்பு பார்வையிழந்திருந்த இந்தியர் மூவர் குறைவற்ற பார்வையே பெற்றிருந்தனர். 2022-இல் இச்செய்தி வெளியாயிற்று. இருபது என்பது சிறு தொகை. இன்னும் பலரிடத்து இதனைச் செய்து பார்த்த பின்னரே முடிவு கூறல் வேண்டும் என்று ஆய்ந்தவர்களே எழுதினர். ரிட்லியின் காலத்துச் சச்சரவை நினைவு கொள்வார்க்கு அவ்வடக்கம் மகிழ்ச்சி தரும்.

பெர்ஸ்பெக்சுக்கும் இத்தகட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்று உண்டு. பெர்ஸ்பெக்ஸ் கண்ணில் எழுபதாண்டு கிடந்தாலும் பெர்ஸ்பெக்சாகவே கிடக்கும். கண்ணும் அதனை அணுகாது. அதுவும் கண்ணை அணுகாது. ஒரே வீட்டில் குடியிருந்தும் பேச்சில்லாத இருவர் போன்றது அவ்வுறவு. கொலாஜன் தகடோ உடம்பின் இயற்கைப் படலம் எதனால் ஆகியதோ அப்புரதத்தாலேயே ஆகியது. ஆகவே உடம்பு அதனை வேற்றுப்பொருள் என வெறுக்கவில்லை. அறுவைக்குப் பின் எட்டு வாரம் சொட்டு மருந்து இட்டதே போதியதாயிற்று. இறந்தவர் கண்ணினின்றும் எடுத்த படலத்தை இரண்டு வாரத்திற்குள் பயன்படுத்திவிடல் வேண்டும். இத்தகட்டையோ உறையிலிட்டு ஈராண்டு வரை வைத்திருக்கலாம். கண் வங்கி இல்லாத தொலைவிடத்து மருத்துவமனைக்கும் அஞ்சலில் அனுப்பலாம்.